எந்த வண்டிக்கு எந்த ஆயில்? வாசகர் கேள்வி – பதில்

இன்ஜின் ஆயில் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படிக்கும்போது உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிலின் கிரேடு (கெட்டித்தன்மையைக் காட்டும் எண்), தரக்குறி, ஊற்ற வேண்டிய அளவு ஆகிய மூன்றும் இருக்கும். கடையில் கேனைத் திருப்பி முதல் இரண்டையும் நீங்களே ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் 150 சிசி பைக் இருக்கிறது. அண்ணன் காருக்கு வாங்கிய ஆயிலில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. விலை கூடிய சிந்தடிக் ஆயில்தானே என்று பைக்கில் ஊற்றினேன். கொல்லிமலை ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆயில் காரணமாக இருக்குமா? – வாசகர், நாமக்கல்

ஆயில்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முதலில் கிளட்ச் லீவரின் நுனியில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இதே கோளாறு வரும். அதைச் சரிசெய்யக் காசு செலவாகாது.

ஆட்டம் சரியாக இருந்தால் சமதளத்தில் டாப் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக முறுக்கிப் பாருங்கள். இன்ஜின் சுற்று சட்டென்று ஏறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கிளட்ச் இருப்பது ஆயில் படாத இடத்தில். நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. கார் ஆயிலில், குறிப்பாக 20, 30 கிரேடுகளில், மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்ப்பார்கள். கிளட்ச் பிளேட்டுகள் பிடிப்பதே உராய்வால்தான். அந்த ரசாயனம் பிளேட்டில் படிந்தால் பிடிப்பு போய்விடும். மலை ஏற்றத்தில் சுமை கூடும்போது அது முதலில் தெரியும்.

இதற்காகத்தான் ஜப்பானியர்கள் 1998-ல் ஜாஸோ என்ற தரக்குறியைக் கொண்டுவந்தார்கள். கேனின் பின்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் அச்சிட்டிருப்பார்கள். ‘எம்ஏ’ என்றால் ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது. 2006-ல் அதை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். ‘எம்பி’ என்றால் உராய்வு குறைந்த ஆயில், கியர் பைக்குக்கு ஆகாது. கார் ஆயில் கேனில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று போட்டிருந்தால் அது பைக் பக்கமே போகக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: இன்ஜினைச் சூடாக்கி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, வண்டியை நேராக நிறுத்தி 10 நிமிடம் வடிய விடுங்கள். மேனுவல் சொல்லும் கிரேடில் எம்ஏ2 ஆயில் ஊற்றி 200, 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எவ்வளவு வடித்தாலும் கிளட்ச் அறையிலும் மூடியிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும் என்பதால் அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள். முதல் முறைக்கு விலை குறைந்த மினரல் (சிந்தடிக் அல்லாத சாதாரண) எம்ஏ2 போதும். பிறகும் வழுக்கினால் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறவைத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். மலைப்பாதையில் வழுக்கும் கிளட்சோடு ஓட்டாதீர்கள், பிளேட் கருகிவிடும்.

கேள்வி: வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு கியர் பைக்கும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே ஆயில் வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

கிரேடு ஒன்றாக இருந்தால், பைக்குக்குரிய எம்ஏ2 ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றலாம். மைலேஜ் கொஞ்சம் குறையும், வேறு கெடுதல் இல்லை. ஸ்கூட்டருக்குரிய எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றக் கூடாது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயில் படாமல் பெல்ட்டோடு தனியே இருப்பதால்தான் அதற்கு எம்பி சரிப்படுகிறது.

ஸ்கூட்டரில் பலரும் மறக்கும் இன்னொரு ஆயில் உண்டு. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கியர் பெட்டிக்குத் தனி ஆயில். ஆக்டிவாவில் அது 120 மில்லிதான். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பேரிங் தேய்ந்து பின்பக்கம் ‘ஊய்ங்’ என்ற சத்தம் வரும். அடுத்த சர்வீஸில் இதை மாற்றினார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. ‘அது தண்ணி மாதிரி இருக்கு சார், குளிர் நாட்டுக்குத்தான் ஆகும். நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடுங்க’ என்கிறார் மெக்கானிக். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். என்ன செய்வது? – வாசகர், வேலூர்

0டபிள்யூ-20 மட்டுமே ஊற்றுங்கள். மெக்கானிக் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கு உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாது.

‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும்; எண் குறையக் குறைய நல்லது. பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. வெளியே வெயில் 42 டிகிரி அடித்தாலும் ஊட்டிக் குளிராக இருந்தாலும், ஓடிச் சூடான கார் இன்ஜினுக்குள் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் இருக்கும். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஊருக்கு ஊர் கிரேடை மாற்றத் தேவையில்லை.

இன்ஜினை வடிவமைத்தவர்கள் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் போகும் நுண்ணிய துளைகள் எல்லாம் 20 கிரேடுக்கு அளந்து செய்தவை. 100 டிகிரியில் 50 கிரேடு ஆயில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. 40 டிகிரியில் மூன்று மடங்குக்கும் மேல். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டி ஆயில் மேலே கேம் ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். இன்ஜின் தேய்மானத்தில் பெரும் பங்கு அந்தச் சில விநாடிகளில்தான் நடக்கிறது. ஃபில்டருக்குள் அழுத்தம் ஏறி பைபாஸ் வால்வு திறந்துகொண்டால் ஆயில் வடிகட்டாமலே சுற்றும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் விவிடி அமைப்பு மந்தமாகி செக் இன்ஜின் விளக்கு எரியலாம். மைலேஜும் இறங்கும். வாரண்டியில் உள்ள காராக இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்பட இடம் கொடுக்கிறீர்கள்.

மேனுவலிலேயே 5டபிள்யூ-30-ம் மாற்றாகத் தரப்பட்டிருந்தால், நிறைய ஆட்களோடு நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுபவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கெட்டி ஆயில் என்ற பழக்கம் காற்றால் குளிரும் பழைய இன்ஜின்களிலிருந்து வந்தது. ராயல் என்ஃபீல்ட் 350-க்கு 15டபிள்யூ-50 சொல்வதற்குக் காரணம் உண்டு: தெர்மோஸ்டாட் கிடையாது, நெரிசலில் நின்றால் ஹெட் மிகவும் சூடாகும், போதாததற்குக் கியர் பற்கள் ஆயிலை நசுக்கிக் கெட்டித்தன்மையைக் குறைக்கும். அதை உங்கள் காருக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) ஆயில் விளக்கு எரிகிறது என்பதற்காக யாராவது கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னால், முதலில் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கெட்டி ஆயில் நோயை மறைக்கும், தீர்க்காது.

கேள்வி: டீசல் காரில் ஆயில் மாற்றி 500 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது. போலி ஆயிலா? – வாசகர், விருதுநகர்

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. டீசல் கரியைத் தனக்குள் மிதக்கவைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுத்தால் வேலை செய்கிறது என்றுதான் பொருள். மாறாக, எல்பிஜி, சிஎன்ஜி ஆட்டோக்களில் ஆயில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் தெளிவாகத் தெரியும், ஆனால் கேஸ் இன்ஜினின் சூட்டில் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும். ஆட்டோ ஓட்டுபவர்கள் நிறத்தை நம்பி நாளைத் தள்ளிப்போடக் கூடாது. கவலைப்பட வேண்டிய நிறம் ஒன்று உண்டு: பால் கலந்த காபி நிறம். தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. ஊருக்குள்தான் அதிகம் ஓடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. நான் முன்பு வைத்திருந்த ஜீப்புக்கு ஊற்றிய 15டபிள்யூ-40 ஆயிலையே இதற்கும் ஊற்றச் சொல்லலாமா? – வாசகர், தேனி

இரண்டு கேள்விகள். முதலில் ஏறும் மட்டம், அதுதான் அவசரம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சி, சுமார் 600 டிகிரி சூடேற்றி, கரியை எரித்துவிடும். இந்த எரிப்பு முடிய வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்கள் பாதியில் கடைவீதியில் நிறுத்தி அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேர்கிறது.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும். மட்டம் மிகவும் ஏறினால் பிரீதர் (உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. அதன்பின் வாரம் ஒருமுறை, டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றே, 20, 25 நிமிடம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சீராக ஓட்டுங்கள். தேனியிலிருந்து உசிலம்பட்டி வரை ஒருமுறை போனால் தாராளம். அதற்குப் பிறகும் ஏறினால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜீப்புக்கு ஊற்றிய ஆயில் வேண்டாம். ஆயிலில் கொஞ்சம் இன்ஜினுக்குள் எரியத்தான் செய்யும், அதிலிருக்கும் உலோகச் சேர்மானங்கள் சாம்பலாகி டிபிஎஃப்பில் படியும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அந்த மாதிரி டீசல் ஆயில் கேன்களில் காணும் ‘சிஐ-4’ தரத்தில் சாம்பலுக்கு வரம்பே இல்லை. உங்கள் மேனுவலில் பெரும்பாலும் ‘ஏசியா (ACEA என்ற ஐரோப்பியத் தரக்குறி) சி2’ அல்லது ‘சி3’ என்று இருக்கும். இவற்றில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்துப் பிசகாமல் அதையே கேளுங்கள். லிட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடத்தான் ஆகும், ஆனால் டிபிஎஃப் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பல கார்கள் மூழ்கின. இனி அப்படி நடந்தால் ஆயிலை மட்டும் மாற்றி ஸ்டார்ட் செய்யலாமா? – வாசகி, வேளச்சேரி, சென்னை

தண்ணீர் பம்பர் உயரத்துக்கு ஏறியிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பாலிசி இல்லாவிட்டால், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். தண்ணீர் நின்ற உயரம் தெரிகிறாற்போல் படம் எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக் சுத்தமாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, ஒரு இரவு நின்றால் ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் போய்த் தங்கும். டிரெய்ன் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும். அப்படிச் சொட்டினால் முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றவிட்டு உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டீசல் இன்ஜினில் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றிச் செய்வார்கள். பிறகு சரியான கிரேடில் ஆயில் ஊற்றி, 5 முதல் 10 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு மறுபடி வடிக்கணும். காபி நிறம் மறையும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பிரீதர் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

கேள்வி: மினரல் ஆயில் ஓடும் வண்டியில் சிந்தடிக் கலந்தால் ஆயில் கட்டியாகிவிடும் என்கிறார்களே? – வாசகர், திருநெல்வேலி

ஆகாது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரக்குறி பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பதே விதி. வழியில் மட்டம் குறைந்துவிட்டால் கையில் கிடைக்கும் ஆயிலை ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேரலாம், ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான் பாவம். ஆனால் கலந்த பிறகு சிந்தடிக்கின் முழுப் பலனை எதிர்பார்க்கக் கூடாது, மாற்றும் காலத்தை மினரல் கணக்கிலேயே வையுங்கள்.

வருஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: என் பைக்குக்கு 800 மில்லி போதும் என்று மேனுவல் சொல்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு லிட்டர் கேனை அப்படியே கவிழ்க்கிறார்கள். அதிகம் ஊற்றினால் நல்லதுதானே? – வாசகர், கும்பகோணம்

நல்லதல்ல. மட்டம் ஏறினால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரையில் காற்றுதான் அதிகம், அது பேரிங்கைத் தாங்காது. மிச்ச ஆயில் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும், சீல்கள் கசியும். மிச்சமாகும் 200 மில்லியைக் கேட்டு வாங்கி வையுங்கள், டாப்-அப்புக்கு ஆகும்.

மட்டம் பார்க்கும் முறை: சென்டர் ஸ்டாண்டு போட்டு, 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2, 3 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விடுங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மட்டம் குறைந்திருந்தும் போதும் என்று விட்டுவிடுவீர்கள்.

கேன் உங்கள் கண்ணெதிரே சீல் உடைக்கப்பட வேண்டும். காலிக் கேனை நீங்களே வாங்கி, ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிடுங்கள். காலிக் கேன்கள்தான் போலி ஆயிலுக்கு மூலப்பொருள். மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைக் ‘கழுவ’ யாராவது வந்தால் தடுங்கள். வடித்த பிறகும் அது மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

கேள்வி: டிராக்டருக்கு வாங்கும் 15டபிள்யூ-40 ஆயிலை புல்லட்டுக்கும் ஊற்றலாமா? டிராக்டருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? – வாசகர், மன்னார்குடி

டீசல் ஆயில் சிலவற்றில் உராய்வு குறைப்பான் இல்லாததால் கேனிலேயே ஜாஸோ எம்ஏ என்றும் போட்டிருப்பார்கள். இருந்தாலும் புல்லட்டுக்கு மேனுவல் சொல்வது 50 கிரேடு, அதை 40-க்கு இறக்கத் தேவையில்லை.

டிராக்டருக்கு மாதக் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். பொதுவாக 250 மணி நேரத்துக்கு ஒருமுறை. புது வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணி நேரத்தில். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு செய்யும் நாட்களில் இன்ஜின் முழுப் பாரத்தில் ஓடும், தினமும் காலையில் மட்டம் பாருங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனர் (காற்றிலுள்ள தூசியை ஆயில் கிண்ணத்தில் பிடிப்பது) உள்ள வண்டியில் அந்தக் கிண்ணத்து ஆயில் சேறாகிவிட்டதா என்றும் பாருங்கள். அறுவடைத் தூசியில் அது சீக்கிரம் கெடும், கெட்டால் தூசி நேராக சிலிண்டருக்குத்தான். கியர், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள பின்பகுதிக்கு இன்ஜின் ஆயில் ஆகாது. அதற்கென்று உள்ள யூடிடிஓ (UTTO, டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்) ஆயில்தான் வேண்டும், இல்லையென்றால் பிரேக் அலறும்.

கேள்வி: பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரில் பெட்ரோலோடு ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலக்கலாமா? – வாசகர், பழனி

கூடாது. அது எரியாமல் பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும். 2டி ஆயில் என்று கேட்டு, ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி குறியுள்ளதாகப் பார்த்து, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி கலங்கள். கூடினால் சைலன்சர் அடைக்கும், குறைந்தால் பிஸ்டன் இறுகும்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலை மரத்துக்குக் கரையான் மருந்தாக அடிக்கலாமா? – வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம். ஓடிய ஆயிலில் தோலுக்குக் கெடுதலான, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. மழைநீரோடு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். சட்டப்படி அது அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் ஊற்றி, மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். ஆயில் மாற்றும்போது கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டுவிட்டால் பெட்ரோலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.